கலெக்டரம்மாவின் பிரசவம்

கலைமணிக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தால், அதை அவளிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. நம்பமாட்டாள். வாழப்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்த சூட்டோடு, பரமத்திக்குப் பக்கத்தில் நாச்சிமுத்துவின் முட்டைக் கோழிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தவள். அன்று முதல் இன்றுவரை பண்ணையில் யாருக்கு என்ன வந்தாலும் வைத்தியம் அவளுடையதுதான். தீவனம் அரைக்கிறவனுக்கு இடுப்பு பிடித்ததா, கலைமணியைக் கேள். பக்கத்துத் தோட்டத்து எருமை கன்று போட முடியாமல் திணறுகிறதா, கலைமணியைக் கூப்பிடு. கேட்காவிட்டாலும் சொல்வாள், கூப்பிடாவிட்டாலும் வருவாள். அதில் பாதிக்கு மேல் சரியாக வேறு அமைந்துவிடும், அதுதான் வினை.

அவள் பார்ப்பது குஞ்சு ஷெட். முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகாத குஞ்சுகள், காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கும். உமி பரப்பி, பல்பு வெளிச்சத்தில் கதகதப்பு ஏற்றி, அவற்றைக் கூண்டுக்குப் போகிற வயது வரை காப்பாற்றுவது கலைமணியின் பொறுப்பு. ஷெட்டுக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டே உள்ளே குளிரா சூடா என்று சொல்லிவிடுவாள். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், மூலைக்கு ஓடி இறக்கையை விரித்தால் சூடு. இதற்கெல்லாம் வெப்பமானி மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒருமுறை மானி ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல, கடைசியில் மானிதான் கெட்டுப்போயிருந்தது. அதற்கப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியுமா?

பண்ணைக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது ஒரு மழை நாளில், தீவன லாரிக்குப் பின்னால் ஓடி வந்து. செம்மண் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை. வந்த இரண்டாம் நாளே காலையில் ஒரு சுற்று, சாயந்திரம் ஒரு சுற்று என்று எல்லா ஷெட்டையும் பார்வையிட ஆரம்பித்துவிட்டது. கீரி வந்தால் விரட்டும். பூனை வந்தால் விரட்டும். வேலை நேரத்தில் தீவன மூட்டைமேல் சாய்ந்து தூங்குகிறவனின் முன்னால் வந்து நின்று முகத்தையே பார்க்கும். அந்தப் பார்வைக்கு எழுந்து உட்காராதவர்கள் இல்லை. முட்டை வண்டி ஓட்டுகிற செங்கோடன், கலைமணியின் புருஷன், அதற்குக் கலெக்டரம்மா என்று பேர் வைத்தான். ஷெட்டுக்குள் நாய் வரக்கூடாது என்பது பண்ணைச் சட்டம். கலெக்டரம்மா வாசலில், ஆட்கள் கால் நனைத்துப் போகிற மருந்துத் தண்ணித் தொட்டியோடு நின்றுகொள்ளும், ஒரு கால்கூட உள்ளே வைக்காது. முதலாளி நாச்சிமுத்துவே, "இத்தன பேர்ல சொன்னதக் கேக்கறது இது ஒண்ணுதான்" என்று சொல்லியிருக்கிறார்.

கலெக்டரம்மா சினையாக இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்ததும் கலைமணிதான். கண்டுபிடித்த அன்றைக்கே பராமரிப்பையும் கையில் எடுத்துக்கொண்டாள். சோறு, உடைந்த முட்டை, மோர். அதோடு அவள் சேர்த்த இன்னொன்றில்தான் கதை இருக்கிறது.

முட்டைக் கோழி வளர்க்கிற ஊரில் சுண்ணாம்புச் சத்து என்றால் உயிர். முட்டை ஓடு மெலிந்தாலும், கூண்டில் நிற்கிற கோழி கால் பலம் இழந்து படுத்துக்கொண்டாலும், கை தானாகக் கால்சியம் கேனைத் தேடிப் போகும். கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்குவார்கள், தண்ணியில் திரவக் கால்சியம் ஊற்றுவார்கள். மறுநாள் முட்டை கல்லு மாதிரி விழும். இதை வருஷக்கணக்கில் பார்த்தவள் கலைமணி. நாய் வயிற்றில் குட்டிகள் வளர்கிறபோது சும்மா இருப்பாளா? தினம் காலையில் கலெக்டரம்மாவின் சோற்றில் ஒரு மூடி கால்சியம் ஊற்றினாள். வயிறு பெரிதாகப் பெரிதாக அது இரண்டு மூடியானது.

"ஏம்புள்ள, அது என்ன முட்டையா போடப் போகுது?" என்று செங்கோடன் ஒருநாள் கேட்டான்.

"முட்டை ஓடு எதுல ஆவுது? சுண்ணாம்புல. குட்டியோட எலும்பு எதுல ஆவுது? அதுவும் சுண்ணாம்புலதான். ஓட்டுக்கு ஊத்தலாம், எலும்புக்கு ஊத்தக் கூடாதா? வண்டி ஓட்டுறவங்க வண்டியப் பாருங்க" என்றாள்.

செங்கோடன் வண்டியைப் பார்க்கப் போய்விட்டான். நாயின் உடம்பு மினுமினுவென்று ஆகி, பண்ணைக்கு வந்துபோகிறவர்களெல்லாம், "என்னம்மா போட்டு வளக்குற?" என்று கேட்க, கலைமணி மூடியைக் காட்டி விளக்கினாள். இரண்டு பேர் தங்கள் வீட்டு நாய்க்கும் வாங்கிப் போனார்கள்.

பிரசவ நாள் காலையில் கலெக்டரம்மா சோற்றைத் தொடவில்லை. பழைய ஜெனரேட்டர் அறையில் கலைமணி விரித்து வைத்திருந்த சாக்கைக் கால்களால் கிழித்துக் கிழித்துச் சுற்றி வந்தது. அதைப் பார்த்ததும் கலைமணி சேலையைத் தூக்கிச் சொருகினாள். முட்டை அட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த செங்கோடனைப் பார்த்து, "நீங்க பள்ளிபாளையம் போயிட்டுத் திரும்பறதுக்குள்ள குட்டிங்களுக்குப் பேரே வெச்சிருப்பன்" என்றாள்.

அவள் சொன்னபடியேதான் ஆரம்பமானது. முதல் குட்டி அலுங்காமல் வந்தது. கலெக்டரம்மாவே பையைக் கடித்துக் கிழித்து நக்கிச் சுத்தம் செய்தது. கலைமணிக்கு வேலையே இல்லை. இருந்தாலும், "அப்படித்தான், நக்கு, மூக்கப் பாத்து நக்கு" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவதும் வந்தது. அம்மா மாதிரியே வால் நுனியில் வெள்ளை. இரண்டும் மடியைத் தேடிப் பிடித்துக்கொண்டன. வயிற்றைத் தடவிப் பார்த்தாள். உள்ளே இன்னும் இருந்தது. நடுவில் ஓய்வு எடுக்கும், ஆடு மாடெல்லாம் எடுக்கிறதுதானே என்று தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஓய்வு நீண்டுகொண்டே போனது. வலி திரும்பவில்லை. அதற்குப் பதிலாக நாய்க்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உதடு துடித்தது. பிறகு காது, பிறகு தொடை. எழுந்து நிற்கப் பார்த்தபோது பின்னங்கால்கள் மடங்காமல் கட்டை மாதிரி விறைத்தன. பால் குடித்துக்கொண்டிருந்த குட்டியை மிதிக்கப் போனது. கலைமணி குட்டியை இழுத்துக்கொண்டு நாயின் உடம்பைத் தொட்டாள். கொதித்தது.

கால் பலம் இழந்து படுக்கிற கோழியைப் பார்த்த கண்ணுக்கு வேறு என்ன தோன்றும்? ஐயோ, இவ்வளவு ஊற்றியும் பற்றவில்லையே என்று ஓடிப்போய் கேனை எடுத்து வந்தாள். மூடி நிறைய ஊற்றி நாயின் வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை இறுகிக் கிடந்தது. கொஞ்சம் உள்ளே போனது வழிந்து வெளியே வந்தது. நாய் அவளைப் பார்த்தது, ஆனால் அவளைத் தெரிந்த மாதிரி பார்க்கவில்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரியின் டாக்டர் கிருத்திகா, வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாத பெண். வெறிநாய்த் தடுப்பூசி போடப் பண்ணைக்கு வந்தபோது ஊசியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கலைமணி அவளுக்கே பாடம் நடத்தியிருந்தாள். போனில் 'டாக்டர் புள்ள' என்று பதிந்து வைத்திருந்த அந்த நம்பரைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நடந்ததைச் சொன்னாள்.

"இத்தன நாளா என்னக்கா சாப்பாடு குடுத்தீங்க?" என்று கேட்டாள் கிருத்திகா.

கலைமணி வரிசையாகச் சொன்னாள். கால்சியத்தைச் சொல்லும்போது அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"அக்கா, வாயில எதையும் ஊத்தாதீங்க. குட்டிங்களப் பால் குடிக்க விடாதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க. நான் எல்லாம் எடுத்து வெக்கறேன்."

பண்ணையில் அப்போது நின்றது முட்டை வண்டி ஒன்றுதான், அதுவும் அப்போதுதான் அட்டை அட்டையாக உச்சிவரை ஏற்றி முடித்து, கயிறு கட்டி, கிளம்பத் தயாராக. நாச்சிமுத்து பக்கத்தில் நின்று செங்கோடனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கலைமணி நாயை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வருவதைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தார். விறைத்த கால்கள் அவள் கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"முதலாளி, வண்டி வேணும்" என்றாள்.

நாச்சிமுத்து முட்டையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "எறக்கீட்டு இருந்தா நேரமாயிரும் அம்மிணி. அப்படியே ஏறிக்க. டேய் செங்கோடா, ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது, உடு வண்டிய" என்றார். குஞ்சு ஷெட் மூலையில் கிடந்த ஒரு காலிக் குஞ்சுப் பெட்டியை அவரே எடுத்து வந்தார். ஜெனரேட்டர் அறையில் கிடந்த இரண்டு குட்டிகளையும் சாக்குத் துண்டில் சுற்றி அதில் வைத்து, கலைமணியின் காலடியில் தள்ளினார். காற்றுத் துளை வழியாகக் குட்டிகளின் சிணுங்கல் கேட்டது.

செங்கோடன் வாழ்நாள் முழுக்க முட்டை வண்டி ஓட்டினவன். வேகத்தடை வந்தால் கும்பிடாத குறையாக ஏறி இறங்குவான். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் அவனைத் திட்டாத திட்டு இல்லை. அன்றைக்கு அவன் ஓட்டின ஓட்டத்தில் பின்னால் அட்டைகள் சரிந்து நொறுங்குகிற சத்தம் ஒவ்வொரு பள்ளத்திலும் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த நாயின் நடுக்கம் கலைமணியின் தொடை வழியாக அவள் உடம்பு முழுக்க ஏறியது.

"நான்தாங்க ஊத்துனன்" என்றாள் திடீரென்று.

"என்னது?"

"கால்சியம். அந்தப் புள்ள அதக் கேட்டதும் ஒண்ணும் பேசல. என்னமோ தப்பு ஆயிருக்குது. நான்தான் ஊத்துனன்."

செங்கோடன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குத்திக்காட்ட அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. "அதோட தலையப் புடிச்சுக்க, வளைவு வருது" என்று மட்டும் சொன்னான்.

கிருத்திகா வாசலிலேயே நின்றிருந்தாள். மேசையில் கிடத்தி, முன்னங்காலில் முடியை வழித்து, நரம்பில் ஊசியை ஏற்றினாள். ஒரு கையால் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினாள். மறு கையால் ஸ்டெதாஸ்கோப்பை நாயின் நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்றாள்.

"அது என்ன மருந்து டாக்டரம்மா?"

"கால்சியம்தான்க்கா."

"நானும் அதத்தான குடுத்தன்?"

கிருத்திகா நாயின் நெஞ்சிலிருந்து கவனத்தை எடுக்காமல் பதில் சொன்னாள். "கோழிக்கு நீங்க செய்யறது சரிதான். அது தெனமும் முட்டை போடுது, தெனமும் செலவு. நாய்க்கு அப்படி இல்ல. குட்டி போட்டுப் பால் குடுக்கற நேரத்துலதான் திடீர்னு நெறைய வேணும். அப்ப அது தன்னோட எலும்புல இருந்தே எடுத்துக்கும். நீங்க வாரக்கணக்கா வெளிய இருந்து ஊத்துனீங்க. எலும்புல இருந்து எடுக்கற வேலைய உடம்பு விட்டிருச்சு. இப்ப வேணும்ங்கறப்ப எடுக்க முடியல. வலியும் அதனாலதான் நின்னுபோச்சு."

"அப்ப நான்தான் பண்ணனா?"

"அது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். குடுக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம். அந்தப் பெண் சொல்லவில்லை. கலைமணியும் எதிர்பார்க்கவில்லை. நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மருந்து பாதி இறங்கியபோது உதட்டுத் துடிப்பு அடங்கியது. விறைத்த கால் ஒன்று மெல்ல மடங்கியது. வயிறு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. பிறகு இன்னொரு முறை. "வலி வந்துருச்சு" என்று கிருத்திகா சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது குட்டி பையோடு வந்து மேசையில் விழுந்தது. கலெக்டரம்மாவுக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கத் தெம்பில்லை. குட்டி அசையவில்லை.

"அக்கா, நான் ஊசிய விட முடியாது. நீங்க பாருங்க."

கலைமணியின் கை நீண்டு, பாதியில் நின்றது. எருமைக் கன்றைக் கால் பிடித்து இழுத்த கை அது. "நான் தொடலாமா?" என்று கேட்டாள். வாசலில் நின்றிருந்த செங்கோடன் தன் காதையே நம்பவில்லை. அவள் இப்படி யாரிடமும் அனுமதி கேட்டு அவன் பார்த்ததில்லை.

"தொடுங்கக்கா. சீக்கிரம்."

அவ்வளவுதான். கை பழைய கையாக ஆகிவிட்டது. பையைக் கிழித்தாள். சுண்டு விரலில் துணி சுற்றிக் குட்டியின் வாய்க்குள் இருந்த கோழையைத் துடைத்தாள். தலையைத் தாழ்த்திப் பிடித்து, துண்டால் முதுகை மேலும் கீழுமாகத் தேய்த்தாள். குட்டி துவண்டு கிடந்தது. தேய்த்தாள். மூக்கைத் துடைத்துத் திரும்பவும் தேய்த்தாள். "வா சாமி, வா. நான் பண்ணுன தப்புக்கு நீ போகாத. வா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். தோள்பட்டை வலித்தது. நிறுத்தவில்லை. கடைசியில் குட்டி வாயைத் திறந்து ஒருமுறை காற்றைக் கவ்வியது. இன்னொரு முறை. அப்புறம் கீச்சென்று ஒரு சத்தம், பிறந்த குஞ்சு போடுகிற சத்தம் மாதிரி.

"வந்துருச்சு" என்றாள் கிருத்திகா, நாயின் நெஞ்சைக் கேட்டபடியே.

அடுத்து வந்த நாலாவது குட்டிக்கு உயிரில்லை. அதையும் கலைமணி அதே மாதிரி தேய்த்தாள். கிருத்திகா ஊசியை எடுத்துவிட்டு வந்து பார்த்தாள். அது வயிற்றுக்குள்ளேயே செத்துப்போயிருக்கும், இனி எதுவும் செய்ய முடியாது என்று அவள் சொன்ன பிறகும் கலைமணி கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். செங்கோடன் வந்து கையைப் பிடித்து நிறுத்தினான். அந்தக் குட்டியின் வாலிலும் வெள்ளை இருந்தது. கலைமணி அதைத் தன் துண்டிலேயே சுற்றி வைத்துக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன் அவள் கிருத்திகாவைத் துளைத்தெடுத்துவிட்டாள். குட்டிகளை எப்போது மடியில் விடுவது, அதுவரை புட்டிப்பால் எவ்வளவு கொடுப்பது, பால் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், கலெக்டரம்மாவுக்குச் சோறு வைக்கலாமா, முட்டை வைக்கலாமா. கிருத்திகா மாத்திரை அட்டை ஒன்றை நீட்டி, இது கால்சியம் என்றதும் கலைமணி பின்வாங்கினாள்.

"குட்டி போட்டாச்சுக்கா. இனிமேதான் இது வேணும். சோத்துல வெச்சுக் குடுங்க."

"வெச்சுக் குடுக்கலாமா? நெசமா?"

"நெசமா."

"ஒருக்கா எழுதிக் குடுத்துருங்க. எனக்குத் தெரியல, அதனாலதான் கேக்குறன்" என்றாள் கலைமணி. எழுதிக் கொடுத்ததைச் செங்கோடனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித் திரும்பவும் கேட்டுக்கொண்டாள். கால்சியம் வாங்கிப் போன அந்த இரண்டு பேருக்கும் வண்டியில் ஏறுவதற்கு முன்பே போன் போட்டு, ஊற்றாதே, நான் சொன்னது தப்பு என்றாள். ஒருவன் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துவிட்டாள்.

சாயந்திரம் வெயில் தாழ்ந்தபோது, இறந்த குட்டியை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வேம்படியில் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவினாள். நாச்சிமுத்து வந்து எட்டிப் பார்த்து, பெட்டியில் மூன்று குட்டிகளும் பால் குடித்துத் தூங்குவதைக் கண்டு, திரும்பிப் போனார். உடைந்த முட்டையைப் பற்றி அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை.

கலெக்டரம்மா கண் விழித்திருந்தது. நடுக்கம் இல்லை. கலைமணி சோற்றில் ஒரு முட்டையை உடைத்துப் பிசைந்தாள். மாத்திரையைப் பொடித்து நடுவில் வைத்து ஒரு கவளமாக உருட்டினாள். உருட்டியதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், நீட்ட மனசு வரவில்லை. இந்தக் கைதானே தினமும் காலையில் ஊற்றியது? இதே மாதிரிச் சோற்றில்தானே?

நாய்க்குப் பசி. தலையை மெல்லத் தூக்கி, கழுத்தை எட்டி நீட்டி, அவள் கையிலிருந்த கவளத்தை அப்படியே வாங்கி விழுங்கியது. என்ன ஏது என்று மோந்துகூடப் பார்க்கவில்லை. விழுங்கிவிட்டு அவள் உள்ளங்கையை நக்க ஆரம்பித்தது.

காலையிலிருந்து வராத அழுகை கலைமணிக்கு அப்போது வந்தது.

"ஒருக்கா மோந்து பாத்துட்டுத் தின்னக் கூடாதா சாமி" என்று கேட்டாள். கலெக்டரம்மா அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தது.